ஐந்தடி எட்டு அங்குலம்

என் அப்பா சின்னக்கருப்பன் இருபத்தெட்டு ஆண்டுகள் எழுதிய பதிவேடுகளில் ஒரே ஒரு பொய் இருக்கிறது. இரண்டே சொல். "கரை பத்திரம்." 1977 நவம்பர் 13ஆம் தேதிக்கு எதிரே, ஈச்சம்பட்டிக் கண்மாய்க்கான பக்கத்தில், நீல மையில் எழுதியிருக்கிறார். அதே நாள் ஆறு மைல் கீழே இருக்கும் செங்கமடைக் கண்மாயின் பக்கத்தில் அவர் எழுதியது உண்மை. அந்த உண்மையை யாரும் நம்பவில்லை. பொய்யை எல்லோரும் நம்பினார்கள்.

அவர் பொதுப்பணித்துறையில் லஸ்கர். மடை திறப்பது, மூடுவது, கரையைச் சுற்றிப் பார்ப்பது, மழைக்காலத்தில் தண்ணீர் மட்டத்தை அளந்து எழுதுவது அவர் வேலை. திருவாதவூருக்கு மேற்கே மூன்று கண்மாய்கள் அவர் பொறுப்பில் இருந்தன. வறட்டாறு என்ற காட்டோடைதான் மூன்றுக்கும் தண்ணீர் கொடுத்தது. மேலே ஈச்சம்பட்டி, நடுவில் ஒரு சிறு கண்மாய், கீழே எங்கள் செங்கமடை. மேல் கண்மாய் நிறைந்தால் கலிங்கு வழியாக வழிந்து கீழ்க் கண்மாய்க்கு வரும். கலிங்கு என்பது கரையின் ஓரத்தில் தாழ்வாகக் கட்டிய கற்சுவர். செங்கமடைக் கலிங்கு இருநூறு அடி நீளம். அதன் ஓரத்தில் அடியும் அங்குலமும் கொத்திய ஒரு அளவுக்கல் நிற்கும்.

அப்பா குள்ளம். துறை கொடுத்த மழைக்கோட்டு அவரைவிட ஒரு சாண் நீளமாக இருக்கும். சைக்கிளில் ஏறும்போது அதை இடுப்பில் செருகிக்கொள்வார். அளவுக்கல் முன்னால் உட்கார்ந்து மூன்று அலை போகவிடுவார். நடு அளவை எடுப்பார். எடுத்ததைப் பக்கத்தில் யார் இருந்தாலும் அவரிடம் வாய்விட்டுச் சொல்வார். ஆடு மேய்ப்பவர், துணி துவைக்க வந்தவர், வழிப்போக்கர், யாராயிருந்தாலும் சரி. ஆள் இல்லாவிட்டால் கரையில் நின்ற கருவேல மரத்திடம் சொல்வார். அதன்பிறகுதான் எழுதுவார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். சொல்லிவிட்டால் அப்புறம் மாற்றி எழுதக் கை வராது என்றார்.

1977 நவம்பர் 13. மாலை 4.50. கலிங்குக்கு மேல் ஐந்தடி எட்டு அங்குலம்.

இதுதான் செங்கமடைப் பக்கத்தில் இருப்பது. இருநூறு அடிக் கலிங்கில் அவ்வளவு உயரம் தண்ணீர் போனால் விநாடிக்கு 8,340 கன அடி. வறட்டாற்றில் அவ்வளவு வராது என்று அன்றைய பிரிவு அலுவலர் முடிவு செய்தார். சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு, ஓரத்தில் "சந்தேகத்துக்குரியது" என்று எழுதினார். நேரில் போகாமல் வீட்டில் இருந்துகொண்டு உத்தேசமாக எழுதினாயா என்று கேட்டு அப்பாவுக்கு மெமோ வந்தது. அவர் ஒரு வரியில் பதில் கொடுத்தார். பார்த்ததைத்தான் எழுதினேன்.

அதன்பிறகு அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் விழுந்தது. சம்பள நாளில் அவர் உள்ளே நுழைந்தால், "வாய்யா அஞ்சடி எட்டு, ஒன் ஒசரமே அம்புட்டு இல்லையே," என்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அந்த வெள்ளத்தின்போது நான் மதுரையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். சாலை அறுந்து கிடந்ததால் பதினோராம் நாள்தான் ஊருக்கு வர முடிந்தது. எங்கள் கீழத்தெருவில் பாதிச் சுவர்கள் கரைந்திருந்தன. பக்கத்து வீட்டு ராமக்காள் இல்லை. தெருவில் போனது ஒரே உயிர். ஆற்றோரம் கட்டியிருந்த ஆடுகளை அவிழ்க்கப் போனவள். அவள் புருஷன் சங்கிலி என் அப்பாவின் கூட்டாளி. இருவரும் ஒருவரை ஒருவர் மாப்ள என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அவர் மாமா.

1984 அக்டோபரில் நான் அதே துறையில் உதவிப் பொறியாளர். சேர்ந்து ஒன்றரை ஆண்டு. கீழத்தெருவின் நாற்பது குடிசைகளுக்குப் பதிலாக நாற்பது காலனி வீடுகள் கட்ட உத்தரவு வந்தது. கலிங்குக்குக் கீழே, ஆறு குறுகும் இடத்தில் கிடந்த புறம்போக்கு நிலத்தில் இடம் பார்த்திருந்தார்கள். அங்கே பெருவெள்ளம் எவ்வளவு உயரம் வரும் என்று எங்கள் அலுவலகம் சான்று தர வேண்டும். அந்த மட்டத்துக்கு ஓரடி மேலே தரை போடுவார்கள். கணக்கு என் மேசைக்கு வந்தது.

வரைபடத்தில் நீர்ப்பிடிப்புப் பகுதி இருபத்தேழு சதுர மைல். பெருவெள்ளத்தை மதிப்பிடும் ரைவ்ஸ் சூத்திரத்தில் பரப்பின் கனமூலத்தை எடுத்து, அதை வர்க்கம் செய்து, கடலிலிருந்து உள்ள தூரத்துக்கு ஏற்ற ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். இருபத்தேழுக்குக் கனமூலம் மூன்று. வர்க்கம் ஒன்பது. எங்கள் பகுதிக்கான எண் 563. விடை 5,067 கன அடி. அவ்வளவு தண்ணீர் போனால் அந்த இடத்தில் ஆழம் ஒன்பது அடி. அரை மணி நேர வேலை. 1977ஆம் ஆண்டுப் பதிவேடும் மேசையில்தான் இருந்தது. சிவப்பு வட்டம் போட்ட அளவைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது எங்கள் வழக்கம். அப்பாவின் கையெழுத்து என்று தெரிந்துதான் பக்கத்தைத் திருப்பினேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், தரை எந்த மட்டத்தில் வருகிறது என்று கேட்டார். கலிங்கு மேல்மட்டத்தை வைத்துக் கணக்குச் சொன்னேன்.

"பத்தாது," என்றார்.

"சூத்திரம் அம்புட்டுத்தான்ப்பா சொல்லுது."

"ஒன் சூத்திரம் அன்னைக்கு அங்கிட்டு வந்து நின்னுச்சா?"

குழம்பு ஊற்ற வந்த அம்மா கரண்டியோடு நின்றாள். அவர் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போய்விட்டார். என் அப்பா சோற்றை மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் 8,340ஐ வைத்துக் கணக்குப் போட்டேன். ஆழம் பன்னிரண்டு அடி. அதாவது நாற்பது வீட்டுக்குள்ளும் இரண்டடி தண்ணீர் ஓடும். தேங்கி நிற்கிற தண்ணீராக இருந்தால் பரண்மேல் ஏறிக்கொள்ளலாம். இது ஆறு குறுகும் இடம். ஓடுகிற தண்ணீரில் இரண்டடி போதும், பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போக.

இரண்டு தாள்களையும் செயற்பொறியாளரிடம் கொண்டுபோனேன். அவர் கெட்டவர் இல்லை. இரண்டையும் பொறுமையாகப் பார்த்தார். மலையடிவாரத்துக்கான பெரிய எண்ணைப் போட்டாலும் 6,075தானே வருகிறது என்றார். அன்று பக்கத்து மழைமானியில் பதிவானது ஒன்பது அங்குலம், அந்த மழைக்கு இவ்வளவு வெள்ளம் வர வழியில்லை என்றார். வேறு இடம் என்றால் மறுபடி நில அளவை, மறுபடி மதிப்பீடு. குடிசைகள் இன்னொரு மழைக்காலம் தாங்காது. திங்கட்கிழமை அடிக்கல். வெள்ளிக்கிழமைக்குள் சான்று போயாக வேண்டும்.

"உங்க அப்பா பொய் எழுதினார்னு நான் சொல்லலம்மா. அந்த மூவாயிரம் கன அடி எங்கேருந்து வந்துச்சு? அதை மட்டும் சொல்லுங்க. கையெழுத்துப் போடுறேன்."

அது செவ்வாய்க்கிழமை.

புதன்கிழமை லெவல் கருவியும் டேப் பிடிக்கும் செயின்மேனுமாக செங்கமடைக்குப் போனேன். புறம்போக்கில் நாற்பது வீட்டுக்கும் முளைக்குச்சி அடித்து முடித்திருந்தார்கள். முதல் வீடு சங்கிலி மாமாவுக்கு. அவர் தன் முளைக்குச்சிகளுக்கு நடுவே, அடுப்படி எங்கே வரும் என்று காலால் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். வெள்ளம் எந்தெந்த நேரம் எவ்வளவு ஏறியது என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. கேட்டால் ராமக்காளைப் பற்றித்தான் கேட்க வேண்டும். கேட்டேன்.

அவர் மறைக்காமல் சொன்னார். நாலு மணிக்கு என் அப்பா தெருவில் கத்திக்கொண்டே ஓடிவந்தார். மேற்கு வரிசையை அவர் கிளப்பினார், கிழக்கு வரிசையை வேறு இரண்டு பேர். எல்லோரும் மேட்டுக்கு ஏறினார்கள். நாலரை பஸ் கல்பாலத்தில் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. அதைப் பார்த்த பிறகுதான் ராமக்காள் ஆடுகள் நினைவு வந்து இறங்கினாள். அவர் தடுத்தார். இதோ வாரேன் என்று போனாள். நான் குறிப்புப் புத்தகத்தில் பென்சிலால் எழுதினேன். 4.30 பஸ். பிறகு ரா. இறங்கியது.

"அப்பறம் கலிங்குக்கிட்ட ஓடுறேன், அங்கிட்டு ஒதுங்கியிருப்பாளோன்னு. ஒங்கப்பன் அளவுக்கல்லுகிட்ட குத்தவச்சிருக்கான். என்னையப் பாத்து அஞ்சடி எட்டுங்கிறான். நான் பொண்டாட்டியத் தேடுறேன், இவன் அஞ்சடி எட்டுங்கிறான்."

அவர் சிரித்தார். பிறகு, "அவன் அன்னைக்கு ஆளே சரியில்ல ஆத்தா," என்றார்.

எனக்கு அப்போது உறைத்தது வேறு. அந்த அளவுக்கு ஒரு சாட்சி இருந்திருக்கிறது. ஏழு ஆண்டுகளாக அப்பா அந்தச் சாட்சியை யாரிடமும் சொல்லவில்லை. இன்னொன்றும் உறைத்தது. நாலு மணிக்குத் தண்ணீர் தெருவுக்கு வரவே இல்லை. வரப்போகிறது என்று அப்பாவுக்கு எப்படித் தெரிந்தது?

வியாழக்கிழமை ஈச்சம்பட்டிக்குப் போனேன். அலுவலகக் கோப்பில் அந்தக் கண்மாய்க்கு 1977இல் சேதம் எதுவும் இல்லை. அப்பா எழுதிய "கரை பத்திரம்" மட்டும்தான் ஆதாரம். சாலை அறுந்திருந்த பத்து நாளும் அதிகாரிகள் யாரும் அங்கே வரவில்லை.

கரைமேல் வடக்கிலிருந்து நடந்தேன். கரிசல் மண் போட்ட பழைய கரை. இரண்டு சரிவிலும் தடித்த கருவேல மரங்கள். ஊருக்கு நேரே கரையின் அடியிலிருந்து பாதி உயரம் வரை ஈரம் கசிந்த பழைய தடம். தென்கோடியில், ஊரைத் தாண்டி, பாறைத் தரை தொடங்கும் இடத்தில் மண்ணின் நிறம் மாறியது. செம்மண்ணும் சரளையும். அந்தத் துண்டில் ஒரு பெரிய மரம்கூட இல்லை. இருந்தவை எல்லாம் ஏழு வயதுக்கு உட்பட்ட கன்றுகள்.

டேப்பை விரித்தோம். அறுபது அடி. செயின்மேனை ஒரு குழி தோண்டச் சொன்னேன். செம்மண் ஏழடி வரை போயிற்று. அதற்குக் கீழே சரளைப் பாறை.

கரைமேல் உட்கார்ந்தே கணக்குப் போட்டேன். அறுபது அடி அகலம், ஏழடி ஆழம். மூவாயிரத்து நானூறு கன அடி. எண் எழுதிய இடத்தில் பென்சில் முனை ஒடிந்தது. கலிங்கைப் பற்றிய கணக்கில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான்: மேலே கண்மாய் இருந்தால் அது வெள்ளத்தைத் தேக்கிவைக்கும், கீழே வருவது குறையும். தேக்கிவைத்தது ஒரே நேரத்தில் வெளியே வந்தால் என்ன ஆகும் என்று எந்தச் சூத்திரத்திலும் வரி இல்லை.

தலை நிமிர்ந்தபோது முத்திருளன் நின்றுகொண்டிருந்தார். பின்னால் நான்கைந்து பேர். ஈச்சம்பட்டியில் கண்மாய்க் காரியம் எதுவானாலும் ஊர் அவரைத்தான் முன்னால் விடும். என் தாத்தா அவர் அப்பாவின் வயலில் வேலை பார்த்தவர். அவரை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. எழுந்து நின்றேன்.

"கரை ரெண்டு மைலு கெடக்கு. இந்தத் துண்டுலதான் டேப்பு போடணுமோ?"

"இங்க மண்ணு வேறயா இருக்கு."

"மண்ணுன்னா நாலு தினுசாத்தான் இருக்கும்."

செயின்மேன் டேப்பைச் சுருட்டத் தொடங்கினார். நான் சொல்லவில்லை, அவராகவே. குழியின் ஓரத்தில் நின்றிருந்த ஒருவர் காலால் மண்ணை உள்ளே தள்ளினார். மெதுவாக, என்னைப் பார்த்துக்கொண்டே.

"கருப்பன் மகதானே நீ," என்றார் முத்திருளன். "ஒங்கப்பன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதும்மா. எழுதுனா எங்க பேரு மட்டும் வராது."

குழி மூடும்வரை அவர்கள் அங்கேயே நின்றார்கள்.

வீட்டுக்கு வரும்போது மணி ஐந்து. அப்பா முற்றத்தில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். எதிரே போய் உட்கார்ந்தேன். அறுபது அடி, ஏழடி என்று மட்டும் சொன்னேன். அவர் எண்ணெய்க் குப்பியின் மூடியைத் திருகினார். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

அவர் சொன்னதை வரிசையாக எழுதுகிறேன்.

அன்று பகல் இரண்டரைக்கு அவர் ஈச்சம்பட்டிக் கரையில் இருந்தார். தண்ணீர் கரையின் தலைக்கு ஒரு முழம் கீழே. ஊருக்கு நேரே கரையின் அடியில் விரல் பருமனில் தண்ணீர் பீய்ச்சியது. பிறகு கை பருமனில். அங்கே உடைந்தால் நேரே தெருவுக்குள் இறங்கும். இருநூறு வீடு. ஆண்கள் மண்வெட்டியோடு வந்துவிட்டார்கள். ஊருக்கு வடக்கே வெட்டிவிடலாம் என்றார்கள். அங்கே வெறும் கரிசல். வெட்டு அகன்றுகொண்டே போய்க் கண்மாய் முழுவதும் இறங்கிவிடும். அப்பாதான் தென்கோடியைக் காட்டினார். அங்கே அடியில் பாறை இருக்கிறது, ஏழடிக்கு மேல் அறுக்காது என்றார்.

வெட்ட யாரும் முன்வரவில்லை. அந்த ஊரில் ஒரு கட்டு உண்டு. அந்தக் கண்மாய்த் தண்ணீரில் விளைந்ததைச் சாப்பிடுகிறவன் அதன் கரையில் முதல் வெட்டுப் போடக்கூடாது. போட்டால் வம்சம் விளங்காது என்பார்கள். முதல் வெட்டு வெளித் தண்ணீர்க்காரன் போட வேண்டும். அத்தனை பேரில் வெளித் தண்ணீர்க்காரர் அப்பா ஒருவர்தான். மண்வெட்டியை அவர் கையில் கொடுத்தார்கள். கீழே போய் எங்கள் தெருவுக்குச் சொல்லிவிட்டு வருகிறேன், ஒரு மணி நேரம் கொடுங்கள் என்று கேட்டார். கசிவு அதற்குள் குடத்து வாய் அளவு ஆகியிருந்தது. தெருவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். மூன்றேகாலுக்கு வெட்டினார்.

"ஒரே வெட்டுத்தான் தாயி. மிச்சத்தை அவுக வெட்டுனாக. அப்பறம் தண்ணியே வெட்டிக்கிச்சு."

மண்வெட்டியைப் போட்டுவிட்டு சைக்கிளை எடுத்தார். சேற்றில் பாதி ஓட்டம், பாதி மிதி. ஆறு மைல். நாலு மணிக்குத் தெருவில். மூன்று நாளில் ஈச்சம்பட்டிக்காரர்கள் பனந்தடியும் சரளையும் போட்டு வெட்டை அடைத்தார்கள். அரசுக் கண்மாயின் கரையை அனுமதியில்லாமல் வெட்டினால் வேலை போகும், சிறைக்கும் போக நேரும். "கரை பத்திரம்" என்று எழுதினார். வீட்டில் அவர் ஒருவர் சம்பளம். நான் விடுதியில். கீழே கலிங்கில் பார்த்ததைக் குறைத்து எழுதியிருந்தால் சிவப்பு வட்டமும் வந்திருக்காது, மெமோவும் வந்திருக்காது. அதைச் செய்யவில்லை. சங்கிலியிடம் சொல்லிவிட்டாராம், ஐந்தடி எட்டு என்று. சொன்ன பிறகு மாற்ற முடியவில்லை.

நான் பொறியாளராகப் பேசினேன். செம்மண்ணை மட்டும் வைத்து எழுதினால் அவர்கள் எப்போதோ போட்ட ஒட்டு என்று சொல்லிவிடுவார்கள் என்றேன். என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால்தான் கணக்கு நிற்கும் என்றேன். ஓய்வு பெற அவருக்கு ஐந்து மாதம் இருந்தது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் கேட்டேன்.

அம்மா உள்ளேயிருந்து, "விட்டுரு புள்ள," என்றாள். அவளுக்கு எல்லாம் முதலிலேயே தெரிந்திருக்கிறது.

அப்பா எழுந்து சைக்கிளைச் சுவரில் சாத்தினார். "கையெழுத்துக்கு முன்னாடி சங்கிலிகிட்ட சொல்லணும்," என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு மூன்று பேரும் புறம்போக்கில் நின்றோம். சங்கிலி மாமா முதல் வீட்டின் முளைக்குச்சியில் வேட்டியைக் காயப்போட்டிருந்தார். அப்பா சுற்றி வளைக்கவில்லை. ஈச்சம்பட்டிக் கரையைத் தான்தான் வெட்டியதாகச் சொன்னார். அந்தத் தண்ணீர்தான் இங்கே வந்தது என்றார். கையைக் கட்டிக்கொள்ளவும் இல்லை, கீழே பார்க்கவும் இல்லை. அளவுக்கல்லைப் பார்த்து எண்ணைச் சொல்வது போலச் சொன்னார்.

கைகலப்பு ஆனால் விலக்கிவிடச் செயின்மேனையும் அழைத்து வந்திருக்கலாமோ என்று நினைத்தேன். சங்கிலி மாமா ஒரு முளைக்குச்சியைப் பிடுங்கி அதன் கூர்முனையை விரலால் தடவினார்.

"எத்தன மணிக்கு மாப்ள வெட்டுன?"

"மூணேகாலு."

"தண்ணி இங்கிட்டு வர?"

"ஒண்ணர மணி நேரம்."

அவர் ஆற்றைப் பார்த்தார். பிறகு குச்சியை அதே குழியில் திரும்பச் செருகினார்.

"அப்ப அது இல்ல," என்றார். "அவ மூணு மணிக்கே எறங்கிட்டா. மழத்தண்ணியே அப்ப இடுப்பளவு ஓடுச்சு. அதுதான் கொண்டுபோச்சு. ஒன் தண்ணி அப்பறந்தான் வந்துச்சு."

அப்பா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் என் கைப்பையை இறுக்கிப் பிடித்தேன். உள்ளே குறிப்புப் புத்தகம் இருந்தது. நாலரை பஸ்ஸும் அதில் இருந்தது.

"நீ மெனக்கெட்டு வந்து கத்தாட்டி தெருவுல ஒருத்தனும் இல்ல. போ. போய் எழுதிக் குடு. எனக்கு வீடு மேட்டுல வேணும்."

பதினொரு மணிக்கு அலுவலகத்தில் அப்பா எழுதிக் கொடுத்தார். ஐந்தாம் வகுப்பு எழுத்து. ஒரு முழுத்தாளில் ஒன்பது வரி. தேதி, நேரம், இடம், அகலம், ஆழம். எழுதும்முன் ஒவ்வொரு எண்ணையும் செயற்பொறியாளரிடம் வாய்விட்டுச் சொன்னார். செயற்பொறியாளர் முதலில் எழுந்து நின்றார். பிறகு உட்கார்ந்து தாளை வாங்கினார். 5,067உடன் உடைப்பின் 3,400ஐக் கூட்டினால் 8,467. அப்பாவின் அளவுக்கும் அதற்கும் நூற்றிருபத்தேழு கன அடி வித்தியாசம். வெள்ளக் கணக்கில் அது ஒன்றுமில்லை. அவர் சிவப்பு வட்டத்தின் பக்கத்தில் "ஏற்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதே பேனாவால் அப்பாவின் தற்காலிக நீக்கத்துக்கும் குறிப்பு எழுதினார். வேறு வழி இல்லை. நானும் வேறு வழி சொல்லவில்லை.

அடிக்கல் நின்றுபோனது. நாற்பது வீடும் அரை மைல் மேற்கே, மேடான கரட்டோரத்துக்கு மாறின. ஏழு மாதம் தாமதம். அந்த மழைக்காலத்தைக் கீழத்தெரு ஒழுகும் குடிசையில்தான் கழித்தது. எங்களைத் திட்டினார்கள். தண்ணீர் எடுக்கக் கூடுதல் தூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்று இன்றும் திட்டுகிறார்கள். அந்த ஆண்டு முதல் எங்கள் உட்கோட்டத்தில் ஒரு வழக்கம் வந்தது. மேலே கண்மாய் இருந்தால், அது உடைந்தால் எவ்வளவு வரும் என்று ஒரு வரி சேர்த்துத்தான் உச்ச வெள்ளத்தைக் கணக்கிடுகிறோம். அந்த வரியால் இதுவரை இரண்டு பாலங்களின் கண்கள் அகலமாயின.

விசாரணை மதுரையில் நடந்தது. உடன் வெட்டியவர்கள் யார் என்று கேட்டார்கள். நான் ஒருத்தன் என்றார் அப்பா. ஒருவரால் அறுபது அடி வெட்ட முடியுமா என்று கேட்டார்கள். தண்ணீர் வெட்டிக்கொண்டது என்றார். ஈச்சம்பட்டியிலிருந்து யாரும் வரவில்லை. அவர் யார் பெயரையும் சொல்லவில்லை. ஓய்வு நாள் விசாரணைக்கு நடுவிலேயே கடந்துபோனது. துறை கொடுத்த மழைக்கோட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. கொடுத்துவிட்டு வந்தார்.

மூன்றாவது விசாரணைக்குப் போகும் வழியில், பஸ்ஸில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முன் சீட்டில் சாய்ந்தார். கண்டக்டர் விசில் அடித்து நிறுத்தியபோது உயிர் இல்லை. 1985 செப்டம்பர் 19. காலை 9.10 இருக்கும் என்றார் கண்டக்டர். சரியான நேரம் யாரும் பார்க்கவில்லை. சம்பந்தப்பட்டவர் இறந்துவிட்டதால் கோப்பு முடிக்கப்படுகிறது என்று நவம்பரில் எனக்கு நகல் வந்தது.

முத்திருளன் துட்டிக்கு வந்தார். உள்ளே வரவில்லை. தெருமுனையில் செருப்பைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போனார்.

கருமாதி முடிந்து, வேலைக்குத் திரும்பும் முன், கரட்டோரத்தில் சங்கிலி மாமா வீட்டுக்குப் போனேன். சிமெண்டுத் தரை. அடுப்படி அவர் காலால் கோடு போட்ட அதே திசையில் இருந்தது. காப்பி போட்டுக் கொடுத்தார். குறிப்புப் புத்தகத்தை எடுத்து வந்திருந்தேன். கேட்க வேண்டாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தும் கேட்டுவிட்டேன்.

"மாமா, அத்தை எறங்குனது நாலரை பஸ் திரும்பிப் போன பொறவுன்னு எங்கிட்ட சொன்னீங்க."

அவர் தன் காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"பஸ்ஸா? அம்புட்டு மழையில எங்கிட்டு ஆத்தா பஸ்சு ஓடும்?"